ஓட்டச் சப்பாத்துக்கு ஓய்வு எப்போது?
சப்ரகமுவத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓட்டச் சப்பாத்து ஒரே நாளில் பழசாவதில்லை. தரையைத் தொடும் இறப்பர் அடி, அதற்கு மேலுள்ள நுரை, பாதத்தைப் பிடித்திருக்கும் மேல்துணி ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. எது முதலில் தீரும் என்பது ஓடும் நிலத்தையும் பெய்யும் மழையையும் பொறுத்தது. ஆனால் இதுபற்றி எழுதப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை 500 முதல் 800 கிலோமீற்றர் என்று ஒரே கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சப்பாத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை மழையும் சரிவும். அதை மாற்றும் நாளை நிர்ணயிப்பது வீட்டுக்கு வரும் சம்பளம்.

தோட்டப்புறத்தில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் மாணவர்களும் இளைஞர்களுமே. பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி, வலய, மாகாண மட்ட மெய்வல்லுநர் போட்டிகள், சித்திரைப் புத்தாண்டுக்கு நடக்கும் மரதன் ஓட்டம், பொலிஸ் ஆட்சேர்ப்புக்கான உடற்தகுதிச் சோதனை என்று ஓடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. பயிற்சிக்கான பாதை மட்டும் ஒன்றுதான்: லயத்திலிருந்து ஸ்டோர் வரை வளைந்து வளைந்து ஏறும் தோட்டத்து ரோடு. தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் அது இறப்பர் மர நிழலில் பாசி பிடித்துக் கிடக்கும். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் தார் பெயர்ந்து சல்லிக் கற்கள் கூர் நீட்டியிருக்கும். நானூறு மீற்றர் சுற்றுப்பாதை போடத்தக்க சமதரை மலைச்சரிவில் அரிது. ஆகவே சப்பாத்து கடைசிவரை கல்லிலும் சேற்றிலுமே உழைக்கிறது.

முதலில் நுரையைப் பார்க்கலாம். அறிவுரைகளில் வரும் கிலோமீற்றர் கணக்கு முழுவதும் அதைப் பற்றியதுதான். ஓட்டச் சப்பாத்தின் நடுவிலுள்ள மெத்தை பெரும்பாலும் எதிலீன் வைனைல் அசிற்றேற்று, சுருக்கமாக ஈ.வி.ஏ., என்னும் பொருளால் ஆனது. 1970களின் நடுப்பகுதியில் ஓட்டச் சப்பாத்துகளுக்குள் வந்த இந்த நுரை இன்றுவரை மலிவான வகைகளின் முதுகெலும்பாக இருக்கிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற காற்றறைகள் உள்ளன. பாதம் விழும்போது அவை நசுங்கி, எழும்போது விரிகின்றன. ஓடும் ஒருவரின் ஒரு கால் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 500 தடவை தரையில் விழும். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை அதன்மீது இறங்கும். 500 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது ஒரு சப்பாத்து இரண்டரை இலட்சம் தடவை நசுங்கி எழுந்திருக்கும். காற்றறைகளின் சுவர்கள் மடிந்து, கிழிந்து, ஒரு கட்டத்தில் விரிய மறுத்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நுரையின் பக்கவாட்டில் சில சுருக்கக் கோடுகள் மட்டுமே தெரியும்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர்களில் குக், கெஸ்டர், புரூனே ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 1985இல் வெளியான அவர்களது ஆய்வில், இயந்திரத்தில் பொருத்தி மிதிக்கவைத்த சப்பாத்துகள் முதல் 80 கிலோமீற்றரிலேயே அதிர்வு தாங்கும் ஆற்றலில் கால்பங்கை இழந்தன. 400 முதல் 800 கிலோமீற்றருக்குள் எஞ்சியது 60 வீதத்துக்கும் குறைவு. மனிதர்கள் அணிந்து ஓடிய சப்பாத்துகளில் இழப்பு இந்த அளவுக்கு இல்லை. 800 கிலோமீற்றருக்குப் பிறகும் ஏறத்தாழ 70 வீதம் எஞ்சியிருந்தது. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு தோட்டப்புற வாசகருக்கு அதைவிட முக்கியமானது: விலைக்கும் தயாரித்த நிறுவனத்துக்கும் இந்த இழப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. விலை கூடிய சப்பாத்து கூடுதல் காலம் உழைக்கும் என்ற நம்பிக்கைக்கு, நுரையைப் பொறுத்தவரை, அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

2004இல் வெளியான ஆய்வில் வெர்டெஹோ, மில்ஸ் இருவரும் 750 கிலோமீற்றர் ஓடிய சப்பாத்தின் நுரையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். காற்றறைச் சுவர்களில் மடிப்புகளும் துளைகளும் தெரிந்தன. 500 கிலோமீற்றர் ஓடியபோதே குதிக்காலின் கீழ் உச்ச அழுத்தம் சராசரியாக இருமடங்காகியிருந்தது. ஆனால் உடல் இதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 24 பேர் புதிய சப்பாத்திலும், அதே சப்பாத்தில் 320 கிலோமீற்றர் ஓடிய பிறகும் அளக்கப்பட்டார்கள். கால் தரையில் நிற்கும் நேரம் சற்றுக் கூடியிருந்தது, உடலின் சாய்வும் கணுக்காலின் அசைவும் சிறிது மாறியிருந்தன. தரையிலிருந்து உடலுக்கு வந்த விசையில் மாற்றமில்லை. நுரை இழந்ததைக் கால் தன் நடையை மாற்றி ஈடுசெய்துகொள்கிறது என்பதே இதன் பொருள். பழைய சப்பாத்துதான் காயத்துக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இந்த ஆய்வுகள் போதா. 500, 800 என்ற எண்களைச் சட்டம்போலக் கொள்ளாமல், கவனிக்கத் தொடங்க வேண்டிய காலம் என்று கொள்வதே நியாயம். எடை கூடியவருக்கு அது முன்னதாகவும், மெலிந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பின்னதாகவும் வரும்.

2017க்குப் பின் போட்டிகளைக் கலக்கிய, தடித்த இலகு நுரையும் கரிநார்த் தகடும் கொண்ட பந்தயச் சப்பாத்துகளின் கதை வேறு. வேகத்தில் அவை தரும் ஆதாயம் சில நூறு கிலோமீற்றரிலேயே கரையத் தொடங்குகிறது. தோட்டத்து ரோட்டுக்கு அவை பொருத்தமற்றவை என்பதால் இங்கே அவற்றை விட்டுவிடலாம்.

சமதரையில் நடந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்று சரிவு. மலைத் தோட்டத்தில் ஏறிய தூரம் முழுவதையும் இறங்கியாக வேண்டும். சப்பாத்தைத் தின்பது அந்த இறக்கம்தான். அமெரிக்காவின் கொலராடோவில் கோட்ஷால், கிராம் இருவரும் 2005இல் வெளியிட்ட அளவீட்டின்படி, 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை சமதரையைவிட 54 வீதமும், வேகத்தைத் தடுக்கும் விசை 73 வீதமும் கூடுகின்றன. செங்குத்தான சரிவுகள் தோட்டத்து ரோட்டில் அரிதல்ல. கொழுந்து லொறி இரண்டாம் கியரில் முனகி ஏறும் வளைவுகள் அப்படிப்பட்டவை. ஆகவே எட்டியாந்தோட்டையில் 400 கிலோமீற்றர் ஓடிய சப்பாத்தைக் கொழும்பு சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றி 400 கிலோமீற்றர் ஓடிய சப்பாத்தோடு ஒப்பிடுவது சரியாகாது. குதிக்காலின் வெளிவிளிம்பு முன்னதாகக் கரையும். இறக்கத்தில் பாதம் முன்னே வழுக்கி வழுக்கி இடிப்பதால் மேல்துணி பெருவிரல் இருக்கும் இடத்தில் கிழியும்.

அடுத்தது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இலங்கையின் மிக ஈரமான நகரங்களில் அது ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், அதற்கு முன்னும் பின்னும் பின்னேர இடிமழையும் சேர்ந்து, சப்பாத்து முழுதாகக் காய்ந்த நாளே இல்லை என்னும்படி செய்துவிடுகின்றன. ஈ.வி.ஏ. நுரையைத் தண்ணீர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பாதிக்கப்படுவது பசை. அடியும் நுரையும் ஒட்டிய இடம் முன்விளிம்பில் வாய் பிளக்கத் தொடங்கும். பொலியூரித்தேன் அடி கொண்ட சப்பாத்துகளுக்கு ஈரக்காற்றே எதிரி: காற்றிலுள்ள நீராவி அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல அறுக்க, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த சப்பாத்துகூட ஒருநாள் பிட்டுப்போல உதிர்ந்து விழும். போட்டிக்கென்று வாங்கி ஆண்டுக்கணக்கில் எடுத்துவைத்த சோடி முதல் ஓட்டத்திலேயே அடி கழன்று போவதற்கு இதுவே காரணம். இந்தக் காலநிலையில் பாவிக்காமல் சேமித்து வைப்பது சிக்கனம் ஆகாது.

ஈரச் சப்பாத்தை அடுப்படியில் வைத்துக் காயவைக்கும் பழக்கம் லயங்களில் பரவலானது. ஈ.வி.ஏ. நுரை தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்குக் கீழேயே இளகிச் சுருங்கக்கூடியது. விறகடுப்பின் பக்கத்தில் ஓர் இரவு கிடந்தால் சப்பாத்து அரை அளவு சிறுத்தாலும் வியப்பில்லை, பசையும் விட்டுப்போகும். உள்மெத்தையை வெளியே எடுத்து, பழைய வீரகேசரித் தாள்களைக் கசக்கி உள்ளே திணித்து, தாள் ஈரமானதும் மாற்றி, இஸ்தோப்பின், அதாவது முன்திண்ணையின், கூரை வளையில் நாக்கை விரித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதே போதும். ஒரு நாளில் காயாது, இரண்டு நாளில் காயும். அந்த இடைவெளி நுரைக்கும் நல்லது; நசுங்கிய நுரை மீண்டெழ ஓய்வு வேண்டும்.

இனி அடி. சப்ரகமுவவைப் பொறுத்தவரை சப்பாத்தின் முடிவு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த மாகாணத்துக்கு இறப்பர் புதிதல்ல. 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விதைகளின் கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன. அங்கிருந்து களனிப் பள்ளத்தாக்கு வழியே பரவிய இறப்பர், கேகாலையை நாட்டின் முதன்மை இறப்பர் மாவட்டங்களுள் ஒன்றாக்கியது. பால் வெட்டி, வடித்து, உருளையில் அழுத்தி, மெல்லிய தாள்களாக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தயாரிக்கும் ‘சோல் கிரேப்’ உலகச் சந்தையில் இலங்கைக்குப் பேர் பெற்றுத் தந்த பொருள். சப்பாத்து அடிக்கென்றே தயாராகும் அந்தக் கிரேப் ஓட்டச் சப்பாத்துக்கு ஆகாது. கனமானது, மண்ணை அள்ளி ஒட்டிக்கொள்வது. ஓட்டச் சப்பாத்தின் அடியில் இருப்பது இயற்கை இறப்பரும் செயற்கை இறப்பரும் கலந்து கந்தகம் சேர்த்துச் சூடேற்றிய கலவை. குதிக்காலில் கரித்தூள் சேர்த்த கெட்டியான கறுப்பு இறப்பரும், முன்பாதத்தில் காற்றேற்றிய மெதுவான இறப்பரும் பல வகைகளில் இருக்கும். காற்றேற்றிய இறப்பர் காலுக்குச் சுகம், கல்லுக்கு இரை. மிக மலிவான சப்பாத்துகளில் இறப்பரே இருக்காது. நுரையே நேரடியாகத் தரையில் உரசும். சல்லி ரோட்டில் அது சில வாரங்களில் வழவழத்துவிடும்.

நுரை தளர்ந்த சப்பாத்து கால் வலிக்கு வழிவிடலாம். தரையைப் பற்றும் கட்டைகள் தேய்ந்த அடியோ பாசி பிடித்த கொங்கிறீட் இறக்கத்தில் ஆளையே சாய்த்துவிடும். மணிக்கட்டு முறிய ஒரு சறுக்கல் போதும். முந்தைய ஆபத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பிந்தையதைப் பற்றி விவாதம் தேவையில்லை. வெளிநாட்டு அறிவுரைகளில் நுரைக்குக் கிடைக்கும் முதலிடத்தை இம்மலைப் பிரதேசத்தில் அடிக்குக் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. நுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், முன்பாதத்துக் கட்டைகள் தேய்ந்து தட்டையான அன்றே அந்தச் சப்பாத்து மழைக்கால ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். வெயில் காலத்தில், காய்ந்த தார் ரோட்டில், அது இன்னும் சில மாதம் ஓடலாம்.

சோதிப்பதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. இஸ்தோப்பின் சீமெந்துத் தரையில் இரண்டு சப்பாத்தையும் அருகருகே வைத்து, குனிந்து பின்னாலிருந்து பார்க்க வேண்டும். குதிப்பகுதி நேராக நிற்கிறதா, உள்ளேயோ வெளியேயோ சாய்கிறதா என்பது உடனே தெரியும். நன்றாகத் தேய்ந்த சப்பாத்தில், அணிந்தவர் இல்லாமலேயே அவருடைய நடை தெரியும்: ஒரு குதி சரிந்திருக்கும், மற்றது நிமிர்ந்திருக்கும். பிறகு சப்பாத்தைக் கவிழ்த்து, அடியின் பள்ளங்களில் ஒரு தீக்குச்சியின் தடிப்பாவது எஞ்சியுள்ளதா என்று பார்க்கலாம். இறப்பர் தேய்ந்து நடுவில் வெள்ளை நுரை எட்டிப் பார்த்தால் அடி முடிந்துவிட்டது. உள்ளே கைவிட்டுக் குதிக்காலின் கீழ் கட்டைவிரலால் அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்கி எழ வேண்டும். அடுப்புக்கரண்டியைத் தொட்டதுபோல் விறைப்பாக இருந்தால் நுரை முடிந்துவிட்டது. குதியைப் பின்னாலிருந்து பிடிக்கும் கடினமான கிண்ணப் பகுதி விரலால் அழுத்தியதும் மடங்கிவிழுந்தால், கணுக்காலுக்கு இனி அதில் துணை இல்லை. லேஸை அவிழ்க்காமலே காலை நுழைத்து நுழைத்துச் செருப்புப்போல் மிதித்துப் போடுகிறவர்களின் சப்பாத்தில் முதலில் சாவது இந்தப் பகுதிதான்.

வாங்கிய திகதியை நாக்கின் உட்புறத்தில் பேனையால் எழுதிவைப்பது கிலோமீற்றர் கணக்குக்கு எளிய மாற்று. வாரத்துக்கு 25 கிலோமீற்றர் ஓடுகிறவர் 20 வாரத்தில் 500ஐ எட்டிவிடுவார். தவணை தொடங்கும்போது வாங்கிய சப்பாத்தை அடுத்த தவணையின் நடுவில் புரட்டிப் பார்த்தால் போதும்.

உடலும் சில அறிகுறிகளைத் தரும். பயிற்சியின் அளவைக் கூட்டாமலே முழங்காலின் முன்புறம், கெண்டைக்கால் எலும்பு, காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிக்கால் ஆகியவற்றில் புதிதாக வலி தோன்றினால் சப்பாத்தைச் சந்தேகிக்கலாம். சப்பாத்தை மட்டுமே சந்தேகிப்பது தவறு. திடீரென்று தூரத்தைக் கூட்டியது, தொடர்ந்து இறக்கத்தில் ஓடியது, நாள் முழுவதும் மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றுவிட்டுப் பின்னேரம் ஓடியது ஆகியவை அதைவிட வலுவான காரணங்களாக இருக்கலாம். வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதைப் புதுச் சப்பாத்து வாங்கித் தீர்க்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் ‘எப்போது மாற்ற வேண்டும்’ என்பது. எப்போது மாற்ற முடியும் என்பதைப் அன்றாட வேலையைப் பதியும் பிரட்டுக்களத்துக் கணக்குப் புத்தகம்தான் சொல்லும். ஒரு முழுநாள் வேலைக்குரிய சம்பளம் தோட்டத்தில் ஒரு பேர். 2021இல் 1000 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளம், 2024இல் அடிப்படை 1350 ரூபாயாக உயர்ந்தது. 20,000 ரூபாய்க்கு ஒரு சப்பாத்து என்று வைத்துக்கொண்டால், 2024இன் அந்தச் சம்பளத்தில் அது 15 பேர், அதாவது அரை மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. வறண்ட மாதத்தில் கொழுந்து குறைந்து, மழை மாதத்தில் பால் வெட்டு நின்று, பேர் விழாத நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு இன்னும் இறுகும். ஐந்து மாதத்துக்கொரு தடவை சப்பாத்து மாற்று என்ற அறிவுரை அந்த வீட்டில் எடுபடாது. பின்தங்கிய பாடசாலைகளின் மாணவருக்கு அரசு அண்மைய ஆண்டுகளில் பாதணி வவுச்சர் வழங்கியது நல்ல காரியம். ஆனால் அதில் வாங்கப்படுவது வகுப்பறைச் சப்பாத்து. அதே கன்வஸ் சப்பாத்தில் 1500 மீற்றர் ஓடும் பிள்ளைக்கு, சீருடைச் சப்பாத்தும் ஓட்டச் சப்பாத்தும் ஒன்றாகவே தேய்ந்து ஒன்றாகவே முடிகின்றன.

எனவே ஆயுளை நீட்டும் வழிகளுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. பஸ் நிலையத்து ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சப்பாத்துத் தைப்பவரிடம் சில நூறு ரூபாயில் பல வேலைகள் முடியும். வாய் பிளந்த முன்விளிம்பைப் பசை போட்டு ஒட்டுவதோடு நில்லாமல் அடியைச் சுற்றி மெழுகு நூலால் தைக்கச் சொன்னால் மழைக்கு ஈடுகொடுக்கும். பெருவிரல் ஓட்டைக்கு உள்ளிருந்து துணி வைத்துத் தைக்கலாம். தேய்ந்த குதியில் இறப்பர்த் துண்டு ஒட்டுவது நடைக்குச் சரி. ஓட்டத்துக்கு இரண்டு காலிலும் உயரம் சமமாக அமைந்தால் மட்டுமே சரி. நுரையைத் திருத்த எந்தச் சப்பாத்துத் தைப்பவராலும் முடியாது. அடியும் துணியும் கெட்டு நுரை நன்றாயிருந்தால் செப்பனிடலாம், நுரை கெட்டால் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

வாய்ப்புள்ளவர்கள் ஒன்று முழுதாகத் தேயும்வரை காத்திராமல், பழையது பாதி ஆயுளில் இருக்கும்போதே புதியதை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பாவிப்பது நல்லது. லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட சப்பாத்துகளை மாற்றிப் பாவித்தவர்களுக்குக் காய ஆபத்து 39 வீதம் குறைவாக இருந்தது. மழைத் தோட்டத்தில் இதற்கு இன்னொரு இலாபமும் உண்டு: ஒன்று வளையில் காயும்போது மற்றது ஓடும். புதியதைப் போட்டிக்கு முன் பழக்காமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக் கதையைச் சொல்வார்கள். எதியோப்பியாவின் அபேபே பிகிலா புதிய சப்பாத்து காலுக்குப் பொருந்தாமல் கொப்புளம் போட்டதால் வெறுங்காலோடு மரதன் ஓடினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அவர் வென்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 1964இல் டோக்கியோவில் சப்பாத்து அணிந்து மறுபடியும் வென்றதை அவ்வளவு பேர் சொல்வதில்லை.

தேய்ந்த சப்பாத்தைவிட வெறுங்கால் மேல் என்ற வாதத்துக்கு அறிவியல் துணையும் ஓரளவு உண்டு. 2010இல் டேனியல் லீபர்மன் குழுவினர், சிறுவயது முதல் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தில் இறங்குவதால் மோதல் விசை குறைகிறது என்று காட்டினார்கள். புல் முளைத்த மைதானத்தில் வெறுங்காலில் ஓடும் தோட்டத்துப் பிள்ளைகள் அதற்கு வாழும் சான்று. தேயிலை மலையில் நிலைமை வேறு. கவ்வாத்து வெட்டிய குச்சிகளும் உடைந்த போத்தலும் அட்டையும் ஒருபுறம் இருக்க, ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் குடம்பிகள் பாதத்தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகின்றன. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் துணையோடு இலங்கையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டத் தொழிலாளரை முதன்மையாகக் குறிவைத்ததற்கு வெறுங்காலும் கழிப்பறை இன்மையுமே காரணங்கள். ஆகவே தேய்ந்த சப்பாத்தைக் கழற்றியதும் செருப்பாவது காலில் இருக்க வேண்டும்.

சப்பாத்து தேயுமுன் கால் வளர்ந்துவிடுவது பிள்ளைகளின் பிரச்சினை. அண்ணன் போட்டதைத் தம்பி போடுவது லயத்து வீடுகளின் வழமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குதிக்கிண்ணம் நிமிர்ந்து, அடியில் கட்டை இருந்து, முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்சினால் அந்தச் சப்பாத்து தம்பிக்கும் ஓட்டச் சப்பாத்தே. அண்ணனின் காலுக்கேற்ப ஒரு பக்கம் சரிந்துவிட்டதென்றால் அது கடைக்குப் போகவும் ரியூஷனுக்குப் போகவும் ஆகும், பந்தயத்துக்கு ஆகாது. பெரிய அளவை வாங்கி முன்னே பஞ்சடைத்து இரண்டு வருடம் ஓட்டும் சிக்கனமும் அப்படித்தான். இறக்கத்தில் பாதம் உள்ளே வழுக்கி நகம் கறுத்துப்போகும்.

குறுந்தூர ஓட்டத்துக்கான ஆணிச் சப்பாத்தில் நுரை பெயருக்குத்தான் இருக்கும். அதன் ஓய்வை ஆணிகளும் அவை பதிந்த தகடும் தீர்மானிக்கின்றன. தேய்ந்த ஆணியைக் கழற்றி மாற்றலாம். தகடு வெடித்தால் அதோடு சரி. கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலைப் பக்கத்து ஏழைக் கிராமக் குடும்பமொன்றிலிருந்து வந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றரில் மூன்றாவதாக வந்து, முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பின் வெள்ளிக்கு உயர்ந்தார். அந்த மாவட்டத்தின் இன்றைய குறுந்தூர வீராங்கனைகளில் பலருக்கும் ஆணிச் சப்பாத்து போட்டி நாளில் மட்டும் கைக்கு வரும் பொருள். பயிற்சி முழுவதையும் சாதாரணச் சப்பாத்தே சுமக்கிறது.

ஓட்டத்திலிருந்து விலகிய சப்பாத்து தோட்டத்தில் உடனே குப்பைக்குப் போவதில்லை. நடைக்கும், பிறகு மரக்கறித் தோட்டத்துக்கும், கடைசியில் மலைக்கும் போகும். அட்டைக்கு அஞ்சிச் சவர்க்காரம் பூசிய காலுறையோடு பழைய சப்பாத்தைப் போட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. லேஸ் போஞ்சிக் கொடி கட்ட உதவும். உள்மெத்தையைக் கழுவி வேறு சப்பாத்தில் போடலாம். வெள்ளத்தில் ஊறிய சப்பாத்துக்கு மட்டும் இந்த வரிசை வேண்டாம். இரத்தினபுரி, கேகாலை இரண்டும் எலிக்காய்ச்சல் அதிகமாகப் பதிவாகும் மாவட்டங்கள். களுகங்கை பெருகி வடிந்தபின் சேற்றில் கிடந்ததை நன்றாகக் கழுவி வெயிலில் காயவைக்க முடியாவிட்டால் விட்டுவிடுவதே மேல்.

முழுதாக முடிந்த சப்பாத்தை என்ன செய்வது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. 2013இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் ஓர் ஓட்டச் சப்பாத்தைப் பிரித்து ஆராய்ந்தபோது அதில் 65 தனித்தனிப் பாகங்களும் 360க்கு மேற்பட்ட உற்பத்திப் படிகளும் இருந்தன; ஒரு சோடி தன் வாழ்நாளில் காற்றில் சேர்க்கும் கரியமில வாயு ஏறத்தாழ 14 கிலோ. இத்தனை பொருள்கள் ஒட்டியும் தைத்தும் கலந்திருப்பதால் பிரித்து மீளப் பயன்படுத்துவது கடினம். நைக்கி நிறுவனம் 1990களின் தொடக்கத்திலிருந்து பழைய சப்பாத்துகளைச் சேகரித்து அரைத்து விளையாட்டுத் தரைகளுக்கு இடுபொருளாக்குகிறது. அந்தச் சேகரிப்புப் பெட்டியைத் தோட்டத்து வாசலில் எதிர்பார்க்க முடியாது. லயத்துக் கோடியில் போட்டு எரிப்பதும் தீர்வல்ல: நுரையும் செயற்கைத் துணியும் பி.வி.சி.யும் எரியும் புகை முதலில் போவது பக்கத்துக் காம்பராவுக்கு. கானில் எறிந்தாலோ, மழைநீர் தேங்கி நுளம்பு முட்டையிட அருமையான பாத்திரம் ஆகிவிடும். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். டெங்கு ஆண்டுதோறும் வரும் இம்மாவட்டங்களில் அது ஏட்டுச் சட்டமாக இருக்கக் கூடாது. எறிய வேண்டியே வந்தால் அடியைக் கத்தியால் பிளந்து, தண்ணீர் நிற்காதபடி செய்து, பிரதேச சபையின் குப்பை வண்டி வரும் இடத்தில் கொடுப்பதே இன்றைக்குச் சாத்தியமானது.

மாணவர் விடயத்தில் பெற்றோரைவிட விளையாட்டு ஆசிரியரால் கூடுதலாகச் செய்ய முடியும். ஒவ்வொரு தவணையின் முதல் பயிற்சி நாளிலும் எல்லாச் சப்பாத்துகளையும் கவிழ்த்து வைக்கச் சொல்லி அடியைப் பார்த்துவிட அரைமணி நேரம் போதும். அளவு குறைந்து போனவற்றைப் பாடசாலையிலேயே சேகரித்து, அடி நன்றாயிருப்பவற்றை அடுத்த அளவுக்காரருக்குக் கைமாற்றலாம். பழைய மாணவர் சங்கங்கள் கிண்ணங்களுக்கும் மாலைகளுக்கும் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை, மாகாணப் போட்டிக்குத் தெரிவாகும் பிள்ளைகளின் சப்பாத்துக்கு ஒதுக்க வேண்டும்.